ஜெபிக்க வராத ராத்திரிகளில் தேவன் எங்கே இருக்கிறார்?

கருங்கல் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் மகளுக்கு,

உன் கேள்வியை ஒரு தடவை நானே சொல்லிப் பார்க்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று. கணவர் வளைகுடாவில் இருக்கிறார். கம்பெனி சில மாதமாகச் சம்பளம் தரவில்லை. வீடு கட்ட வாங்கிய கடனுக்குத் தவணை நிற்கிறது. ராத்திரி இரண்டரை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிட்டால் அப்புறம் தூக்கம் இல்லை. எழுந்து முழங்கால் போட்டால் வார்த்தை வருவதில்லை, நெஞ்சு மட்டும் படபடவென்று அடிக்கிறது. முன்பெல்லாம் ஜெபத்தில் கிடைத்த சமாதானம் இப்போது இல்லை. சபையில் வாய் திறந்து சொன்னதற்கு, “உனக்கு விசுவாசம் பத்தாது” என்று பதில் கிடைத்திருக்கிறது. திருவிருந்துக்குப் போகவும் தயக்கமாக இருக்கிறது. “தேவன் என்னை விட்டுப் போய்விட்டாரா, அம்மா?” என்று கேட்டிருக்கிறாய்.

இல்லை, மக்ளே. போகவில்லை. இதை உன்னைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. வேதத்தைப் பல வருஷமாக வாசித்தும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தும் வந்தவள் என்ற முறையில், தெரிந்துதான் சொல்கிறேன். எப்படித் தெரியும் என்று விளக்குகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

தேவன் நம்மோடு இருப்பது ஒன்று, அவர் இருக்கிறார் என்று நமக்கு உள்ளுக்குள் தோன்றுவது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே வரும் காலம் உண்டு. கன்வென்ஷன் பந்தலில் பாட்டு ஏறும்போது, பிள்ளை பிறந்த நாளில், வீடு பிரதிஷ்டை பண்ணின அன்று எல்லாம் நிறைவாக இருக்கும். அந்த நிறைவையே தேவ பிரசன்னம் என்று பழகிவிடுகிறோம். பிறகு ஒரு கஷ்டகாலத்தில் அந்த உணர்வு வற்றிப்போனால் தேவனே போய்விட்டதாக நினைக்கிறோம். பயத்தோடு வரும் இந்த இரண்டாவது பயம்தான் முதல் பயத்தைவிட ஆளை அதிகமாக உருக்குகிறது. உன் கடிதத்தில் சம்பளத்தைப் பற்றி எழுதிய வரிகளைவிட, தேவன் இல்லையோ என்று எழுதிய வரிகளில்தான் எழுத்து நடுங்கியிருக்கிறது.

பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகிக் கிடந்த யோபுவின் புத்தகத்தில் 23ஆம் அதிகாரத்தை எடு. “இதோ, நான் முன்னாகப்போனாலும் அவர் இல்லை, பின்னாகப்போனாலும் அவரைக் காணேன்” என்கிறான். இடது பக்கம், வலது பக்கம் எல்லாம் தேடுகிறான், எங்கேயும் காணவில்லை. அடுத்த வசனம் இப்படி வருகிறது: “ஆனாலும் நான் போகும் வழியை அவர் அறிவார்.” இந்த ‘ஆனாலும்’ என்ற இடத்தில் யோபுவுக்குப் புதிதாக எதுவும் கிடைத்துவிடவில்லை. ஆடுமாடு திரும்பி வரவில்லை, புண் ஆறவில்லை, தேவன் கண்ணில் படவும் இல்லை. நான் அவரைக் காணவில்லை என்பதையும் அவர் என்னை அறிந்திருக்கிறார் என்பதையும் ஒரே மூச்சில் சொல்கிறான். ஆறுதல் என்பது பல நேரம் இவ்வளவுதான். நான் அவரைப் பிடித்திருப்பது தளர்ந்துபோனாலும், அவர் என்னை அறிந்திருப்பது தளரவில்லை.

யோபுவின் கதைக்கும் நம் கன்னியாகுமரி ஜில்லாவுக்கும் ஒரு நெருக்கம் இருக்கிறது. நாம் சி.எஸ்.ஐ. சபைக்காரர்கள், இருந்தாலும் இது கத்தோலிக்கர்களுக்கு மட்டும் சொந்தமான கதை என்று நான் நினைக்கவில்லை. நட்டாலத்தில் 1712ல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் அரண்மனையில் உத்தியோகம் பார்த்தவர். குடும்பத்தில் அடுத்தடுத்து நஷ்டம், கால்நடை சாவு, பயிர் அழிவு என்று மனம் ஒடிந்திருந்த நேரத்தில், 1741 குளச்சல் போரில் பிடிபட்டு பிறகு ராஜாவின் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பார்கள். சொன்னவரும் சொந்த மண்ணை இழந்த கைதியாக வந்தவர், கேட்டவரும் இழப்பில் இருந்தவர். அந்தப் பேச்சிலிருந்துதான் நீலகண்ட பிள்ளையின் மனம் திரும்ப ஆரம்பித்தது. 1745ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார்.

அதற்கப்புறம் அவருக்குக் கஷ்டம் தீர்ந்ததா? கூடியது. பிடித்துக்கொண்டு போனார்கள், அடித்தார்கள், ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம். 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டார். தக்கலைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில், தாகத்தால் தவித்தபோது அவர் முழங்கையால் முட்டிய பாறையில் தண்ணீர் ஊறியதாக ஒரு மரபு உண்டு, ஜனங்கள் இன்றும் அங்கே போய் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு வருகிறார்கள். அந்த மரபில் தண்ணீர் வருகிறதே தவிர விலங்கு கழலவில்லை என்பதைக் கவனி. அன்றைய தாகத்துக்கு மட்டும் வழி பிறக்கிறது. உனக்கும் முழுக் கடனுக்கான வழி இன்று ராத்திரியே தெரிய வேண்டியதில்லை. இந்த ராத்திரியைத் தாண்டுவதற்கானதைக் கேள். “அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்” என்று இயேசு சொன்னதை நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி அந்த ‘விசுவாசம் பத்தாது’ விஷயம். யோபுவின் மூன்று நண்பர்கள் முதலில் ஏழு நாள் அவன்கூட தரையில் உட்கார்ந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவரை அவர்கள் செய்தது நல்ல ஊழியம். வாய் திறந்ததும்தான் கெட்டது. உன்னிடம் ஏதோ தப்பு இருக்கிறது, அதனால்தான் இப்படி என்று மாறி மாறிப் பேசினார்கள். யோபுவோ தேவனிடமே வழக்காடினான், பிறந்த நாளைச் சபித்தான், ஏன் ஏன் என்று கேட்டான். கடைசியில் தேவன் யார்மேல் கோபப்பட்டார்? அந்த நண்பர்கள்மேல். என் தாசனாகிய யோபு பேசினதுபோல நீங்கள் பேசவில்லை என்றார். சபையில் உன்னிடம் அப்படிச் சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். அடுத்தவர் வேதனையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர்களுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த வார்த்தையை நீ சுமந்துகொண்டு அலைய வேண்டாம்.

விசுவாசம் இருந்தால் கலக்கம் வராது என்றால், இயேசு பிடிபட்ட ராத்திரியில் ஜெபித்த கெத்செமனே தோட்டத்தை எங்கே கொண்டு வைப்பது? “என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது” என்று சொன்னவர் யார்? அவர் வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளைப்போல விழுந்தது என்று லூக்கா எழுதுகிறார். அந்த ராத்திரியில் இயேசு தனியாக இருக்க விரும்பவில்லை, கூட விழித்திருங்கள் என்று மூன்று சீஷரைக் கெஞ்சினார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். ராத்திரி இரண்டரைக்கு வீடே தூங்க, நீ மட்டும் விழித்திருக்கும்போது, அதே நிலையில் இருந்த ஒருவரிடம்தான் நீ பேசுகிறாய்.

அந்த இரண்டரை மணியை நான் மனதில் பார்க்கிறேன். பக்கத்தில் பிள்ளைகள் புரண்டு படுக்கிறார்கள். கை தானாகப் போனைத் தேடுகிறது. வாட்ஸப்பில் அவர் கடைசியாக எப்போது வந்தார் என்று பார்க்கிறாய், பதினொன்று பத்து. ஏன் பதினொன்று பத்து, ஏன் பிறகு வரவில்லை என்று ஒரு கணக்கு ஓடுகிறது. அதிலிருந்து வங்கி அனுப்பிய மெசேஜ், அதிலிருந்து நாத்தனார் போன வாரம் சொன்ன ஒரு சொல். கொஞ்ச நேரத்தில் ரப்பர் வெட்டப் போகிறவர்களின் தலைவிளக்கு வெளிச்சம் விளையில் அசைய ஆரம்பிக்கிறது, விடியப்போகிறது என்று இன்னொரு பயம் வருகிறது.

அந்த நேரத்தில் உடம்பு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஆபத்து என்று மூளை நினைத்துவிட்டால் இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு மேலோட்டமாகப் போகும், வயிறு கலங்கும், எண்ணங்கள் ஒன்றில் நிற்காது. ஓடவோ சண்டை போடவோ உடம்பு தயாராகிறது. அந்த நிலையில் அமைதியான உணர்வு எதுவும் உள்ளே எழும்ப இடம் இருக்காது, அது தேவன் அருளிய உடம்பின் அமைப்பு. ஆகவே ‘பிரசன்னத்தை உணர முடியவில்லை’ என்பதற்கு உன் ஆத்துமா காரணம் ஆக வேண்டியதில்லை. படபடக்கும் நெஞ்சு போதுமான காரணம்.

மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால் இதயத் துடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இது யாருடைய உடம்புக்கும் பொருந்தும். அதோடு வசனத்தைச் சேர்த்துக்கொள். மூச்சை இழுக்கும்போது மனதுக்குள் “நான் போகும் வழியை”, மெதுவாக விடும்போது “அவர் அறிவார்”. எழுந்து முழங்கால் போட வேண்டாம், படுத்தபடியே செய். போனை மட்டும் தூங்கப் போகுமுன்பே அடுத்த அறையில் வைத்துவிடு. கணவருடைய அழைப்பு வந்தால் கேட்கும்படி சத்தம் வைத்துக்கொள், கைக்கு எட்டாமல் இருந்தால் போதும். மனம் ஓடும், ஓடட்டும். ஓடினது தெரிந்ததும் திரும்ப அந்த வரிக்கு வா. நூறு தடவை ஓடினால் நூறு தடவையும் திரும்பி வருவதே அன்றைய ஜெபம்.

வார்த்தை வராத நாளுக்கு 77ஆம் சங்கீதத்தை வைத்துக்கொள். உன் நிலையை எனக்குத் தெரிந்து வேறு எந்த இடமும் இவ்வளவு அச்சாகச் சொல்லவில்லை. “நான் தூங்காதபடி என் கண்ணிமைகளைப் பிடித்திருக்கிறீர், நான் பேசமாட்டாதபடி சஞ்சலப்படுகிறேன்” என்கிறார் ஆசாப். தூக்கமும் இல்லை, பேச்சும் இல்லை. தேவன் இரக்கஞ்செய்ய மறந்துவிட்டாரோ என்றுகூடக் கேட்டுவிடுகிறார். அதைச் சபையில் பாடும் பாட்டாகவே வைத்திருந்தார்கள், யாரும் அவர் விசுவாசத்தை அளந்து பார்க்கவில்லை. அந்தச் சங்கீதத்தைச் சத்தமாக வாசி, உன் சொந்த ஜெபமாக. கடைசிப் பகுதிக்கு வரும்போது இதைப் பார்ப்பாய்: “உமது வழி கடலிலும், உமது பாதைகள் திரண்ட தண்ணீர்களிலும் இருந்தது, உமது காலடிகள் தெரியப்படாமற்போயிற்று.” செங்கடலைப் பிளந்து ஜனத்தை நடத்தினவரின் காலடித் தடம்கூட யார் கண்ணிலும் படவில்லை. கூட வந்தவர் அவர்தான்.

கடலைப் பற்றிய இந்த வரியை நம் கடற்கரைக்காரர்கள் முன்னால் நான் லேசாகச் சொல்ல மாட்டேன். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் கடல் என்ன செய்தது என்று உனக்கே தெரியும். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் திரும்பவில்லை. உடல் கிடைக்காமலேயே அடக்க ஜெபம் நடந்த வீடுகள் உண்டு. அங்குள்ள பெண்கள் கோயில் முற்றத்தில் உட்கார்ந்து ஆண்டவரிடம் சத்தம் போட்டு அழுதார்கள், ஜெபமாலையும் உருட்டினார்கள். அதே ஜனங்கள்தான் காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி, பாதிரிமாரோடு ஆயிரக்கணக்கில் நடந்துபோய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அழுவது, ஜெபிப்பது, அதிகாரிகளைக் கேள்வி கேட்பது எல்லாம் ஒரே ஜனத்திடமிருந்து ஒரே வாரத்தில் வந்தது. ஒன்று மற்றொன்றை மறுக்கவில்லை.

உனக்கும் அப்படித்தான். ஜெபித்துவிட்டுச் சும்மா இருப்பது விசுவாசம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. கணவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்தாரா? நம் அரசில் அயலகத் தமிழர் நலத்துறை என்று ஒரு துறையே இருக்கிறது, அங்கே மனு கொடுக்கலாம். வேலை ஒப்பந்தத்தின் நகல், விசா பக்கம், சம்பளம் நின்ற மாதங்களின் விவரம் எல்லாவற்றையும் ஒரு கவரில் எடுத்து வை. வங்கிக்குத் தவணை தவறிய பிறகு பயந்து ஒளிவதைவிட, நீயே மேனேஜரைப் பார்த்து நிலைமையைச் சொல்லி அவகாசம் கேள். இதையெல்லாம் பகலில் செய். ராத்திரி இரண்டரைக்குத் தீர்க்க முடிகிற வங்கிப் பிரச்சினை உலகத்தில் இல்லை, அந்த நேரத்தில் கடன் நினைவு வந்தால் ‘காலை பத்து மணிக்கு உன்னைப் பார்க்கிறேன்’ என்று தள்ளிவிடு.

தீர்க்கதரிசி எலியாவை எனக்கு இதனால்தான் பிடிக்கும். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய காரியம் செய்த ஆள், யேசபேல் ராணிக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என்னை எடுத்துக்கொள்ளும் என்கிறான். தேவன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்க விட்டார். தூதன் வந்து தட்டி எழுப்பினான், தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுத் திரும்பவும் படுத்தான். மறுபடி எழுப்பி, பிரயாணம் வெகுதூரம், சாப்பிடு என்றான் தூதன். ஓரேப் மலையில் தேவனுடைய மெல்லிய சத்தம் கேட்டது அதற்கெல்லாம் பிறகுதான். நீ மத்தியானம் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று எழுதியிருக்கிறாய். பிள்ளைகளுக்கு வைத்த கஞ்சியிலும் பயறிலும் உனக்கும் ஒரு பங்கு எடுத்து வை. அல்லது மரச்சீனி அவித்து மீன் கறியோடு தின்று, அரை மணி நேரம் படு. இது ஆவிக்குரிய காரியம் இல்லை என்று தள்ளாதே, தேவ தூதன் கையால் நடந்த ஊழியம் இது.

மருந்தைப் பற்றியும் கேட்டிருக்கிறாய். யாரோ மாத்திரை எடுத்தால் தேவனை நம்பாததுபோல என்றார்களாம். நெய்யூரில் மிஷன் வைத்தியம் 1838லேயே ஆரம்பித்தது. எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சாமர்வெல், நெய்யூருக்கு வந்து நோயாளிகள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, லண்டனில் காத்திருந்த பெரிய எதிர்காலத்தை விட்டு இங்கேயே வேலை பார்த்தார். நாகர்கோவிலில் இரட்சணிய சேனையின் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரியும் அப்படி வந்ததுதான். நம் ஊருக்குச் சுவிசேஷமும் வைத்தியமும் சேர்ந்தே வந்தன, அவற்றை இப்போது நாம் பிரிக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லாமல், பசி இல்லாமல், எந்த வேலையிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜில் மனநலப் பிரிவுக்குப் போ. வெளியே போக முடியாத நேரத்தில் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய், அது அரசின் இலவச மனநல உதவி, இருபத்திநாலு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். செத்துப்போனால் தேவலை என்று ஒரு நினைவு வந்தால் மட்டும் இரண்டு வாரம் பார்க்கக் கூடாது. அன்றைக்கே பக்கத்து வீட்டில் யாரையாவது எழுப்பி, தனியாக இருக்காமல் பார்த்துக்கொண்டு, அந்த எண்ணைக் கூப்பிடு.

குடும்ப ஜெபத்தை நிறுத்திவிட்டதாகவும் எழுதியிருந்தாய், பிள்ளைகள் முன்னால் குரல் உடைந்துவிடும் என்று. திரும்ப ஆரம்பி, ஆனால் நீ நடத்த வேண்டாம். பாய் போட்டு உட்காருங்கள். மூத்தவள் ஒரு சங்கீதம் வாசிக்கட்டும், எழுத்துக்கூட்டித் தடுமாறினாலும் திருத்தாதே. சின்னவனுக்குத் தெரிந்த கீர்த்தனையில் ஒரு சரணம் பாடட்டும். அவன் பாதியில் உன் மடியில் சாய்ந்து தூங்கிப்போனால் அப்படியே விட்டுவிடு. கடைசியில் பரமண்டல ஜெபத்தை மூன்று பேரும் சேர்ந்து சொல்லுங்கள். உன் குரல் உடைந்தால் பிள்ளைகள் குரல் அந்த வரியைத் தாங்கிக்கொண்டு போகும். அழுதுவிட்டால், அப்பாவை நினைத்து அம்மா அழுகிறேன், இயேசப்பாகிட்டே சொல்கிறேன் என்று நேராகச் சொல். அம்மா எதையோ மறைக்கிறாள் என்ற பயத்தைவிட அது பிள்ளைகளுக்கு எவ்வளவோ மேல்.

சபையில் நம்பத்தகுந்த ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடு. பெண்கள் ஐக்கியத்தில் அதிகம் பேசாமல், அசன (சபை விருந்து) வேலையில் காய்கறி நறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருத்தி எந்தச் சபையிலும் இருப்பாள். அவளிடம், “எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம் அக்கா, வந்து கொஞ்ச நேரம் உட்காருங்கள்” என்று கேள். உன்னால் ஜெபிக்க முடியாத நாட்களில் அவள் ஜெபிக்கட்டும். திமிர்வாதக்காரனை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்து கூரையைப் பிரித்து இறக்கினார்களே, இயேசு ‘அவர்கள்’ விசுவாசத்தைக் கண்டார் என்றுதான் மாற்கு எழுதுகிறார்.

கடைசியாக, இந்தக் கலங்கின மனதோடு திருவிருந்தில் பங்கெடுக்கலாமா என்ற கேள்வி. தாராளமாக எடு. முதல் திருவிருந்துப் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று பார். சில மணி நேரத்தில் பயந்து ஓடப்போகிறவர்கள். பேதுரு விடியுமுன் மறுதலிக்கப்போகிறவன். அப்பத்தைப் பிட்டுக் கொடுத்த இயேசுவே அங்கிருந்து எழுந்துபோய்த்தான் வியாகுலப்பட்டார். கலக்கம் தீர்ந்தவர்கள் மட்டும் வாருங்கள் என்று அவர் சொல்லியிருந்தால் அன்றைக்குப் பந்தியில் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். அங்கே உனக்கு எதுவும் உணர்வாகத் தோன்ற வேண்டும் என்று எதிர்பார்க்காதே. கையை நீட்டு, அப்பத்தை வாங்கு, சாப்பிடு. அடுத்த திருவிருந்து ஞாயிறு எது என்று உன் போதகரிடம் கேட்டுவைத்துக்கொண்டு, அன்றைக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போ. கணவருடைய விஷயத்தில் தூதரகம் என்ன பதில் சொன்னது என்று எனக்கு எழுது. அவர் பெயரையும் உன் பெயரையும் பிள்ளைகள் பெயரையும் என் ஜெபக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.